காத்து இருக்கா அண்ணா? - மயிலாப்பூர் முதல் தி.நகர் வரை ஒரு சைக்கிள் சுற்று

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணி. மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் குளத்தைச் சுற்றி இன்னும் இருட்டு பிரியவில்லை. மாட வீதியில் பூக்கூடைகளை அவிழ்க்கிறார்கள். ஃபில்டர் காபி வாசனை எங்கிருந்தோ வருகிறது. அந்த நேரத்தில் வீதிக்குள் இரண்டு விதமான சைக்கிள்கள் நுழைகின்றன.

முதலாவது, கேரியரில் பேப்பர் கட்டும் ஹேண்டில்பாரில் பால் பைகளும் தொங்கும் கறுப்பு சைக்கிள். மட்கார்டு லேசாக ஆடுகிறது. பெல் அடிக்காமலே வண்டி வருவது தெரிந்துவிடும்.

இரண்டாவது, பின்னால் சிவப்பு விளக்கு மினுக்க மினுக்க வரும் மெல்லிய டயர் சைக்கிள். ஓட்டுபவர் தலையில் ஹெல்மெட், கையில் கிளவுஸ். மணிக்கு ஒருமுறை தண்ணீர் குடிக்கச் சொல்லி நினைவூட்டும் கருவிகூட சிலர் வண்டியில் உண்டு.

ஒன்று பிழைப்புக்காக ஓடுவது. இன்னொன்று உடம்புக்காகவும் உற்சாகத்துக்காகவும் ஓடுவது. சாலையில் இருவரும் ஒருவரை ஒருவர் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆனால், இருவருக்கும் தெரிந்த இடம் ஒன்று இருக்கிறது. அது சைக்கிள் கடை!

குளத்தில் தொடங்கி கடற்கரைக்கு...

தென்சென்னையைச் சைக்கிளில் பார்க்க இருபது கிலோமீட்டர் போதும். மயிலாப்பூர் குளத்திலிருந்து கச்சேரி சாலை வழியாக சாந்தோம், அங்கிருந்து மெரினா லூப் சாலை, திரு.வி.க. பாலம், பெசன்ட் நகர், அடையாறு, கோட்டூர்புரம், தி.நகர், மறுபடியும் மயிலாப்பூர். நிதானமாக மிதித்தாலும் வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடலாம்.

இப்போது மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளால் லஸ், மயிலாப்பூர், அடையாறு, பனகல் பார்க் பக்கமெல்லாம் தடுப்புகள். கார்காரருக்கு அது தாமதம். சைக்கிள்காரருக்கு அப்படியல்ல. சாலை குறுகும்போது ஓரமாகத் தள்ளப்படுவது அவர்தான்.

லூப் சாலைக்கு வந்தால் காற்றே மாறுகிறது. ஒரு பக்கம் கடல், கட்டுமரம், வலை. இன்னொரு பக்கம் நொச்சிக்குப்பம். மீன் வாங்க வந்தவர்களின் கூட்டத்துக்கு நடுவே மெதுவாகத்தான் போக வேண்டும். மெதுவாகப் போவதில் ஒரு லாபமும் உண்டு. கார் கண்ணாடிக்குள் வராத உப்புக் காற்றும் பேரம் பேசும் குரலும் சைக்கிளில் வருபவருக்கு இலவசம்.

திரு.வி.க. பாலத்தில் ஏறி இடப்பக்கம் பார்த்தால் அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம். பாலத்தைத் தாண்டி உள்ளே போனால் உடைந்த பாலம். 1967-ல் மீனவர்களுக்காகக் கட்டப்பட்டு, 1977-ல் வெள்ளத்தில் உடைந்தது. சினிமாவில் அடிக்கடி பார்த்த இடம்.

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் கார்ல் ஷ்மிட் நினைவகம் நிற்கிறது. 1930-ல் கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட டென்மார்க் மாலுமியின் நினைவாகக் கட்டப்பட்டது. காலை ஆறரை மணிக்கு அதன் பக்கம் போனால் சைக்கிள்கள் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். டீ குடிப்பவர்கள், செயினைச் சரி செய்பவர்கள், முதன்முறையாக இருபது கிலோமீட்டர் ஓட்டிய பெருமையில் செல்ஃபி எடுப்பவர்கள் என்று ஒரு சின்னத் திருவிழா.

ஞாயிறு சொந்தங்கள்

இந்தக் கூட்டம் தானாகச் சேர்ந்ததில்லை. தமிழ்நாடு சைக்கிளிங் கிளப், வி ஆர் சென்னை சைக்கிளிங் குரூப், சைக்கிளிங் யோகீஸ், மெட்ராஸ் ரேண்டனர்ஸ் எனப் பல குழுக்கள் இந்த நகரத்தில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவம். சைக்கிளிங் யோகீஸ் குழுவினர் பழைய கோயில்களையும் பாரம்பரியக் கட்டடங்களையும் தேடிப் போகிறவர்கள். மெட்ராஸ் ரேண்டனர்ஸ் நெடுந்தூரக்காரர்கள். 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்துக்குள், 300-ஐ 20 மணி நேரத்துக்குள், 400-ஐ 27 மணி நேரத்துக்குள், 600-ஐ 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரே பருவத்தில் நான்கையும் முடித்தால் 'சூப்பர் ரேண்டனர்' பட்டம். பரிசுப் பணம் கிடையாது. யாரையும் முந்த வேண்டியதும் இல்லை. கடிகாரத்துக்குள் முடித்தால் போதும்.

சினிமாக்காரர்களும் இந்த ஆசைக்கு விலக்கல்ல. ஸ்வீடன் நாட்டில் ஏரியைச் சுற்றிச் சுமார் 300 கிலோமீட்டர் ஓட்டியவர் நடிகர் ஆர்யா. 2021 ஏப்ரல் 6-ம் தேதி நடிகர் விஜய் வாக்குச்சாவடிக்குச் சைக்கிளில் வந்ததும் ஊரே பேசிய காட்சி. அதே ஆண்டு முதல்வர் மு.க.ஸ்டாலின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டிய படங்கள் வெளிவந்தன.

பெரியவர்கள் ஓட்டினால் செய்தி. ஆனால், குழுக்களை உயிரோடு வைத்திருப்பது ஐ.டி. ஊழியர், வங்கி அதிகாரி, பள்ளி ஆசிரியை, ஓய்வு பெற்ற தாத்தா போன்றவர்கள்தான். புதிதாக வருகிறவர் மூச்சு வாங்கிப் பின்தங்கினால், கூட ஒருவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வருவார். 'கடைசி ஆள் தனியாக வரக் கூடாது' என்பது எழுதாத சட்டம்.

கடை என்னும் திண்ணை

அடையாறு, ஆழ்வார்பேட்டை, ராஜா அண்ணாமலைபுரம் பக்கங்களில் கண்ணாடிக் கதவு போட்ட சைக்கிள் கடைகள் வந்துவிட்டன. சுவரில் வண்டிகள் ஓவியம் மாதிரி தொங்கும். விலை சில ஆயிரங்களில் ஆரம்பித்து லட்சங்களைத் தாண்டும். பின்பக்கம் ஒரு வொர்க் ஷாப். அங்கே வண்டியை ஸ்டாண்டில் தூக்கி மாட்டி கியரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார் மெக்கானிக். பக்கத்திலேயே நாலு பேர் நின்று, போன வாரம் ஏறிய மேட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். வாங்குவது ஒரு பிரேக் கட்டை. பேசுவது ஒரு மணி நேரம்!

தெருமுனைக் கடை வேறு மாதிரி. வேப்ப மரம், அதில் தொங்கும் இரண்டு பழைய டயர், ஒரு கைப்பம்ப், ஒரு இரும்புப் பெட்டி, ஒரு வட்டத் தண்ணீர்த் தொட்டி. இவ்வளவுதான் முதலீடு. பஞ்சர் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால், டியூபை உருவிக் காற்றடித்துத் தண்ணீரில் முக்குவார். குமிழி வரும் இடத்தில் அடையாளம் வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காயவிட்டு, ரப்பர் துண்டை ஒட்டித் தட்டுவார். அதோடு விட மாட்டார். டயரின் உட்புறம் விரலை விட்டுத் தடவி, குத்திய முள்ளைத் தேடி எடுப்பார். முள்ளை எடுக்காமல் ஒட்டினால் நாளைக்கு மறுபடி பஞ்சர் என்பது அவருக்குத் தெரியும்.

ஸ்போக்ஸ் கம்பியை முறுக்கி வீல் பெண்டு எடுப்பது, பால்ரஸ் மாற்றி கிரீஸ் வைப்பது, மொத்த வண்டியையும் பிரித்துக் கழுவி 'ஓவர் ஆயில்' செய்வது எல்லாம் கண்ணும் காதும் கற்றுக்கொடுத்த வேலைகள். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லும் கைகள் அவை.

இரண்டு சைக்கிள்களும் சந்திப்பது இங்கேதான். லட்ச ரூபாய் வண்டிக்கும் வழியில் முள் குத்தும். கண்ணாடிக் கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். அப்போது மரத்தடிக் கடையில், பால்காரரின் வண்டிக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். மெல்லிய வாய் கொண்ட வெளிநாட்டு வால்வுக்கென்று ஒரு சின்ன பித்தளை அடாப்டரை விவரம் தெரிந்த கடைக்காரர் பெட்டியில் வைத்திருப்பார். "காத்து இருக்கா அண்ணா?" என்ற கேள்வி இருவருக்கும் பொது.

வாடகை சைக்கிள் காலம்

வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டியைக் கேளுங்கள். மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த சைக்கிளின் கதை வரும். நோட்டில் பெயரும் நேரமும் எழுதிக் கொடுப்பார்கள். ஒரு மணி நேரம் முடிவதற்குள் திருப்பித் தர வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் பழகி, விழுந்து, முட்டி சிராய்த்து, சீட்டில் ஏறியது ஒரு தலைமுறை. அன்று சைக்கிளுக்கு லைசென்ஸ் பில்லை உண்டு. இரவில் விளக்கில்லாமல் டபுள்ஸ் போனால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார் என்ற பயமும் உண்டு.

சைக்கிள் செய்த ஊரும் இதுதான். 1949-ல் முருகப்பா குழுமம் இங்கிலாந்து நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் தொழிற்சாலை அம்பத்தூரில் அமைந்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்கள் வீட்டுக்கு வீடு புழங்கின. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் வழியே லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். 2001-02-ல் தொடங்கிய அரசின் விலையில்லா சைக்கிள் திட்டம், பிறகு விரிவடைந்து மாணவ, மாணவிகள் இரு தரப்பையும் சக்கரத்தில் ஏற்றியது.

ஆனால், தலைநகரின் கணக்கு தலைகீழாகப் போனது. 1970-ல் சென்னையில் நடந்த பயணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று சைக்கிளில். 2008-ல் எடுத்த கணக்கில் அது நூற்றுக்கு ஆறு! டூவீலர் வந்தது, தூரம் கூடியது, சாலை வேகமானது. பயந்தவர்கள் இறங்கிவிட்டார்கள். வேறு வழியில்லாதவர்கள் மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

தி.நகரில் ஒரு கேள்வி

அடையாறிலிருந்து காந்தி மண்டபம் சாலைக்கு வந்தால் மரநிழல். பக்கத்திலேயே ஐ.ஐ.டி. வளாகம். உள்ளே மாணவர்களின் தினசரி வாகனமே சைக்கிள்தான். வேகமாகப் பாயும் வண்டிகள் இல்லாத இடத்தில் சைக்கிள் தானாகவே பெருகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அங்கிருந்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் கடந்து, ஆற்றுப் பாலம் ஏறி, நந்தனம் வழியாக தி.நகர்.

2019 நவம்பரில் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகம் அகலமாக, அழகாக இருக்கிறது. அதே ஆண்டு, செல்போன் செயலியில் பணம் கட்டி எடுக்கும் வாடகை சைக்கிள்களும் நகருக்கு வந்தன. பழைய வாடகைக் கடையே நவீனமாகத் திரும்பி வந்தது போல ஒரு மகிழ்ச்சி. ஆனால், அந்த வண்டிகளை இன்று தேடத்தான் வேண்டியிருக்கிறது.

அதற்கும் முன்பே, 2014-ல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான பட்ஜெட்டில் 60 சதவிகிதமாவது நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் செலவிட வேண்டும். 2018-க்குள், நடந்தோ சைக்கிளிலோ போகிற ஒருவர்கூடச் சாலையில் உயிரிழக்கக் கூடாது. இதுதான் இலக்கு. அந்த ஆண்டு கடந்து போய்விட்டது. பாண்டி பஜாரை விட்டு வெளியே வந்தால், சைக்கிளுக்கென்று ஒரு கோடுகூட இல்லாத சாலைகள்தான் காத்திருக்கின்றன.

இதில் முதலில் அடிபடுவது ஞாயிறு சைக்கிள்காரர் அல்ல. அவர் விடிவதற்குள் ஓட்டி முடித்து, பகலில் காரில் போய்விடுவார். மதியம் உஸ்மான் சாலை நெரிசலில் டீ கேனைக் கட்டிக்கொண்டு போகிறவருக்கு அந்த வசதி இல்லை. ஸ்டாண்டு போட்டுப் பெடலை மிதித்து, சக்கரத்தால் கல்லைச் சுழலவைத்துக் கத்திக்குச் சாணை பிடிப்பவருக்கு சைக்கிள்தான் பட்டறை. இரவு சுக்கு காபி விற்பவருக்கு அதுவே கடை. சைக்கிளில் உணவு டெலிவரி செய்யும் பையனுக்கு அதுவே சம்பளம். வாட்ச்மேன் வேலைக்கு வரும் பெரியவருக்குப் பெட்ரோல் செலவு மிச்சம். இவர்களுக்கு மரத்தடிக் கடை இல்லாமல் போனால், ஒரு பஞ்சர் என்பது ஒரு நாள் கூலி.

அந்தக் கடைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. நடைபாதை புதுப்பிக்கும்போது பெட்டியை எடுக்கச் சொல்வார்கள். அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வருவது அரிது. இருக்கிறவர்களும் டூவீலர் பஞ்சரை நம்பித்தான் ஓட்டுகிறார்கள்.

நீங்களும் ஆரம்பிக்கலாம்

பரணில் கிடக்கும் பழைய சைக்கிளே போதும். முதலில் ஓவர் ஆயில் செய்யுங்கள். பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீளும்படி சீட்டை உயர்த்துங்கள். முட்டி வலி வராது. டயரின் பக்கவாட்டிலேயே எவ்வளவு காற்று என்று எழுதியிருக்கும். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். ஹெல்மெட்டும் தண்ணீர் பாட்டிலும் மறக்க வேண்டாம். தனியாகப் போகத் தயங்கினால், ஞாயிறு காலைக் குழு ஒன்றில் சேருங்கள்.

இன்னொன்று... வீட்டுப் பக்கத்தில் மரத்தடிக் கடை இருந்தால், காற்று அடிக்கவாவது அங்கே போங்கள். காசு கொடுத்துவிட்டு இரண்டு வார்த்தை பேசுங்கள்.

மணி எட்டரை. சுற்று முடிந்து மறுபடியும் மயிலாப்பூர். பேப்பர் போட்டு முடித்த கறுப்பு சைக்கிள் கடையில் நிற்கிறது. அதற்குப் பின்னால் மெல்லிய டயர் வண்டி. கடைக்காரர் பம்ப்பை எடுத்து, முதலில் வந்தவருக்கு முதலில் காற்றடிக்கிறார். சாலையிலும் அந்த வரிசை இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!