பனிக்கும் மண்ணுக்கும் ஒரே பிளேடு

வடகிழக்கு அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பொதுச்சாலைகளில் பாதிக்கும் மேற்பட்டவை இன்றும் தார் போடாத சாலைகளே. அவற்றிலிருந்து பண்ணை வீடுகளுக்குப் பிரியும் வழிகளிலும் பெரும்பாலும் சரளையே பரப்பப்பட்டிருப்பதால், குளிர்காலத்தில் வெண்பனியைத் தள்ளவும் மற்ற மாதங்களில் அதே வழியை நிரவவும் சிறு டிராக்டரின் பின்னால் மாட்டும் பிளேடு ஒன்றையே பலர் நம்பியிருக்கின்றனர். ஆனால் இவ்விரு வேலைகளுக்கும் வேண்டிய குணங்கள் நேர்மாறானவை: மண்வேலையில் விளிம்பு தரையைக் கடிக்க வேண்டும், சரளைமேல் பனியைத் தள்ளும்போது கடிக்கவே கூடாது.

முன்பக்கம் குழிவாக வளைந்த எஃகுத் தகடும், அதன் அடியில் போல்ட்டுகளால் இறுக்கப்பட்டு, ஒரு பக்கம் தேய்ந்ததும் திருப்பிப் பூட்டத்தக்க வெட்டுப்பட்டையும் சேர்ந்ததே பிளேடு. ஹாரி ஃபெர்குசன் உருவாக்கி, 1939இல் வெளிவந்த ஃபோர்டு 9என் டிராக்டரின் வழியாகப் பரவிய மும்முனை இணைப்பில், அதாவது கீழே இரண்டு தூக்குகரங்களும் மேலே நீளத்தைக் கூட்டிக் குறைக்கத்தக்க டாப் லிங்க்கும் கொண்ட அமைப்பில், அது மாட்டப்படுகிறது. பெரும்பாலான டிராக்டர்களில் இந்த இணைப்பு கருவியைத் தூக்குமே தவிரக் கீழே அழுத்தாது. பிளேடு தன் எடையால் மட்டுமே இறங்குவதால், எடை குறைந்த பிளேடு இறுகிய தரைமேல் துள்ளிக்கொண்டே போகிறது. ஆகவே வாங்குபவர் அகலத்தைவிட எடையையே முதலில் பார்ப்பது நல்லது.

கடியின் அளவை டாப் லிங்க் தீர்மானிக்கிறது. அதை நீட்டினால் தகட்டின் மேற்பகுதி பின்னுக்குச் சாய, வெட்டும் விளிம்பு முன்னுக்கு வந்து மண்ணைத் தோண்டும். குறைத்தால் தகடு நிமிர்ந்து, மேற்பரப்பைச் சுரண்டுவதோடு நின்றுவிடும். சரளை வழியில் குறுக்கே வரிவரியாக எழும் மேடுபள்ளங்களின் தலையை மட்டும் சீவி, அந்தத் தூளைக் கொண்டே பள்ளங்களை நிரப்பினால், வண்டிகள் ஓடத் தொடங்கியதும் வரிகள் அதே இடத்தில் மீண்டும் எழுகின்றன. பள்ளத்தின் அடிமட்டம்வரை வெட்டி எடுத்துப் பரப்பினால்தான் அவை போகும். மழை பெய்து ஓய்ந்து தரை சற்றே ஈரமாக இருக்கும் நாளே இதற்கு ஏற்றது. ஒரு தூக்குகரத்தைத் தாழ்த்தி, வழியின் நடுப்பகுதி உயர்ந்தும் ஓரங்கள் மீட்டருக்கு ஏறத்தாழ 4 செ.மீ. தாழ்ந்தும் இருக்குமாறு நிரவினால் நீர் வழியில் தேங்காமல் ஓரத்துக்கு வடிந்துவிடும்.

பனியில் கதையே வேறு. குளிர்காலத் தொடக்கத்தில் தரை இன்னும் உறையாததால், தாழ்ந்து ஓடும் பிளேடு பனியோடு சரளையையும் அள்ளிப் புல்வெளியில் கொட்டுகிறது. வசந்தத்தில் அதை வாரிக்கொண்டு வருவது முதுகு ஒடியும் வேலை. இதைத் தவிர்க்க, தகட்டின் இரு முனைகளிலும் சறுக்குக் காலணிகளைப் பூட்டி விளிம்பைச் சில சென்டிமீட்டர் உயர்த்துவர். சிலர் இரும்புக் குழாயை நெடுக்காகப் பிளந்து விளிம்பின்மேல் செருகுவர். வேறு சிலர் பிளேடை 180 பாகை திருப்பிப் புடைத்த முதுகை முன்னே விடுவர், அப்போது விளிம்பு கற்களின்மேல் வழுக்கிச் செல்லும். ஆயினும் முதல் பனியைத் தள்ளாமல் வண்டி ஓட்டி மிதித்து, சரளையோடு சேர்ந்து உறையவிடுவதே எல்லாவற்றிலும் எளிய காப்பு.

முதல் சில முறைகளிலேயே பனியை வழியின் ஓரத்தைத் தாண்டி வெகுதூரம் ஒதுக்கிவிட வேண்டும், ஏனெனில் ஒதுக்கிய குவியல் ஒரே இரவில் பாறையாக இறுகிவிட, அடுத்தடுத்த பனிக்கு இடமின்றி ஜனவரிக்குள் வழி குறுகிப்போகும். பொதுச்சாலையில் தள்ளிவிடலாம் என்றால் மாநிலச் சட்டம் அதைத் தடை செய்கிறது. அந்தக் குவியலைப் பின்னோக்கி ஓட்டி இடித்துத் தள்ளுவதும் தகாது. இழுப்பதற்கென்றே அமைந்த தூக்குகரங்கள் அந்த அழுத்தத்தில் வளைந்துவிடக்கூடும்.

பிளேடைக் கழற்றி வைப்பதை வேலை முடிந்தபின் செய்யும் சில்லறைக் காரியமாகக் கருதுவோர் அடுத்த முறை மாட்டும்போது அவதிப்படுகின்றனர். வெறுந்தரையில் இறக்கிய பிளேடு ஈரத்தோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். மண் தாழ்ந்தால் ஒருபக்கம் சாய்ந்து, இணைப்புத் துளைகள் தூக்குகரங்களுக்கு நேர்வராது. தடித்த பலகைகள்மேல் மட்டமாக இறக்கி, பிளேடின் சட்டகத்துக்கும் முட்டுக் கொடுத்து, டிராக்டர் நேராகப் பின்வர இடம்விட்டு நிறுத்தினால் ஒருவரே மாட்டிவிடலாம். தகட்டின் உட்புறம் மண்ணில் தேய்ந்து வெள்ளிபோல் மினுங்கும் இடத்தில் துரு முதலில் பிடிக்கும்; துருவேறிய தகட்டில் ஈரப்பனி உருளாமல் அப்பிக்கொள்வதால், அங்கே மெழுகோ எண்ணெயோ பூசுவதும், சுழல் அச்சுக்குக் கிரீஸ் அடிப்பதும் அவசியம். பிளேடின் கோணத்தைத் திருப்ப ஹைட்ராலிக் சிலிண்டர் இருந்தால், அதன் பளபளப்பான தண்டை உள்ளிழுத்து, எஞ்சினை நிறுத்தியபின் நெம்புகோலை முன்பின் அசைத்து அழுத்தத்தை வெளியேற்றிவிட்டே குழாய்களைக் கழற்றி மூடியிட வேண்டும். உள்ளே அடைபட்ட எண்ணெய் வெயிலில் சூடேறி விரிந்தால், பின்னர் இணைப்பு முனை எவ்வளவு அழுத்தினாலும் பொருந்தாது.