வயிற்றில் செருகிய நாடா

வயிறு பிளக்கிறது! வாள் பட்டதாலன்று, நோய் கண்டதாலுமன்று. பிளந்த வயிற்றினுள் வீடியோ நாடாவைச் செருகுகிறான் ஒருவன். செருகப்பட்டவன் எழுகிறான், ஏனென்று கேளாமல் கொல்லப் புறப்படுகிறான். கைத்துப்பாக்கி அவன் கைத்தசையோடு ஒட்டி வளர்கிறது. கனடா நாட்டு இயக்குநர் டேவிட் குரோனன்பெர்க் 1983-ஆம் ஆண்டில் அளித்த ‘வீடியோடிரோம்’ படத்தில் இக்காட்சி வந்தபோது கண்களை மூடிக்கொண்டோம். பேய்க்கு அஞ்சாத நமக்கா இந்த அச்சம்?

அப்படத்தில் பேயில்லை, பிசாசில்லை, சாபமிட்ட முனிவனில்லை. டொராண்டோ நகரில் சிறு தொலைக்காட்சி நிலையம் நடத்தும் மாக்ஸ் ரென், ஒளிபரப்பில் மறைந்து வரும் அலையால் மூளை கெடுகிறான். காண்பது மெய்யா மயக்கமா என்றறியாது தவிக்கிறான். அலைக்குப் பின்னே நிற்பவர் யார்? ஏழை நாடுகட்கு மலிவான மூக்குக் கண்ணாடியும், நேட்டோ படைக்கு ஏவுகணைக் கருவியும் செய்யும் நிறுவனத்தார்!

அங்ஙனமாயின், எந்திரம் உடலில் புகுவதே கொடுமையோ? அன்று தோழர்களே, அன்று! 1958-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள், ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில், ஆர்னே லார்சன் என்பவரின் உடலில் இதயமுடுக்கியைப் பதித்தனர். உலகிலேயே உடலுக்குள் முழுமையாகப் பதிக்கப்பட்ட முதல் இதயமுடுக்கி அது. சில மணி நேரமே இயங்கியது. மாற்றினர், மீண்டும் மாற்றினர். வாழ்நாளில் இருபதுக்கு மேற்பட்ட கருவிகளைத் தாங்கிய அவர், 2001-ஆம் ஆண்டில், 86-ஆம் வயதில் மறைந்தார். அவருடைய துணைவியார் விடாது வற்புறுத்திக் கேட்டுப் பெற்றது அச்சிகிச்சை. லார்சனின் உடலில் புகுந்த கருவி, உயிரைக் காத்தது, அறிவை ஆளவில்லை.

மாக்ஸ் ரென்னுக்கு நேர்ந்தது வேறு. கேளாமலே செருகினர், கேள்வி கேட்கும் ஆற்றலையே பறித்தனர். நம்மை நடுங்க வைப்பது அதன் பின்பகுதி. எதிர்த்தரப்பார் அவனைப் பிடித்து வேறு வகையாய் மாற்றியமைக்கின்றனர். பழைய எசமானரைச் சுட்டு வீழ்த்துகிறான். விடுதலை பெற்றானா? இல்லை! புதியவர் கற்பித்த முழக்கத்தை உரைத்தபடியே தன் தலையில் சுட்டுக்கொள்கிறான்.

பழமையின் நாடாவைப் பிடுங்கியெறிந்தோம் எனப் பெருமை பேசுகிறோம். பிடுங்கிய இடத்தில் நாம் வைத்தது சிந்தனையா, இன்னொரு நாடாவா? மேடையில் கேட்டதை ஆராயாது ஒப்பிக்கும் நாளெல்லாம் நம் வயிறும் பிளந்தே கிடக்கிறது. நம் தலைவர் சொன்னாலும், நாமே எழுதினாலும், ஏனென்று கேளுங்கள். இக்கட்டுரையிலிருந்தே தொடங்குங்கள்!