அச்செழுத்து காதுக்கு வந்த வழி

கண் தெரியாதவர் அச்சுப் புத்தகம் படிக்க எந்தக் கருவி நல்லது என்று விசாரித்தால் ஆளுக்கு ஒரு பதில் வருகிறது. கம்ப்யூட்டரோடு ஒரு ஸ்கேனர் வாங்குங்கள் என்பார் ஒருவர். செல்போனில் ஒரு செயலி இருந்தால் போதும் என்பார் இன்னொருவர். மூக்குக் கண்ணாடியிலேயே கேமரா வைத்தது வந்துவிட்டது, விலைதான் கூட என்பார் மற்றொருவர். இவர்களில் யாரும் தாமாகச் சொல்லாதது ஒன்று உண்டு. அந்தக் கருவி தமிழை எப்படிப் படிக்கும் என்பதே அது.

என்னை இந்த விசாரணையில் இறக்கிவிட்டவர் என் சித்தப்பா. பொன்னமராவதிப் பக்கம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குளுக்கோமாவில் பார்வை போய்விட்டது. வீட்டில் பீரோ பீரோவாகப் புத்தகம் இருக்கிறது. படித்துக் காட்ட ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு நேரமும் வேண்டும்.

"எனக்கு ஒரு மெஷின் பாத்துக் குடுப்பா. அதுக்கு முன்னாடி, இதை மொதல்ல செஞ்சவன் யாருக்காகச் செஞ்சான்னு விசாரிச்சுட்டு வா. அது தெரிஞ்சா எதை வாங்குறதுன்னு தானாத் தெரிஞ்சிரும்" என்றார்.

அவர் சொன்னபடியே தேடப் போனேன். தேடல் நூறு வருஷத்துக்கும் மேலாகப் பின்னோக்கிப் போனது.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த எட்மண்ட் ஃபூர்னியே டால்ப் 1910-களின் தொடக்கத்தில் ஆப்டோஃபோன் என்ற கருவியைச் செய்தார். வெளிச்சம் பட்டால் மின்கடத்தும் தன்மை மாறும் செலினியம்தான் அதன் அடிப்படை. அச்சு வரியின் மேல் ஒளிப்புள்ளிகள் நகரும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சுரம். வெள்ளைத் தாளில் எல்லாச் சுரமும் ஒலிக்கும். எழுத்தின் கறுப்பு குறுக்கிட்ட இடத்தில் அந்தச் சுரம் மட்டும் நின்றுவிடும். எந்தெந்தச் சுரம் எப்போது நிற்கிறது என்பதைக் கேட்டே எழுத்தைக் கண்டுகொள்ள வேண்டும். இயந்திரத்துக்கு எழுத்தறிவு கிடையாது. படிக்கும் வேலை முழுவதும் கேட்பவரின் காதுக்குத்தான்.

மேரி ஜேம்சன் என்ற பார்வையற்ற இளம்பெண் 1918-ல் லண்டனில் அதை வைத்துப் பொதுமக்கள் முன் படித்துக் காட்டினார். அன்று அவர் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு சொல். பிறகு கிளாஸ்கோவின் பார் அண்ட் ஸ்ட்ரௌட் நிறுவனம் கருவியைத் திருத்திச் செய்தது. வெள்ளைக்குப் பதிலாகக் கறுப்புக்குச் சுரம் என்று ஏற்பாடு மாறியது. மேரி ஜேம்சன் பயின்று பயின்று நிமிடத்துக்கு 60 சொல் வரை எட்டினார். கருவியில் எது சரி, எது தொல்லை என்று சொல்லிக்கொண்டே பல பத்தாண்டுகள் அதோடு இருந்தார். கண்டுபிடித்தவர் பெயரோடு இந்தப் பெண்ணின் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம் என்று எனக்குப் பட்டது.

அடுத்தது அமெரிக்கா. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்தவர் ஜான் லின்வில். அவர் மகள் கேண்டி குழந்தைப் பருவத்திலேயே பார்வை இழந்தவர். மகளுக்காக அவர் ஜேம்ஸ் பிளிஸ்ஸோடு சேர்ந்து உருவாக்கியது ஆப்டகான். 1971 முதல் விற்பனைக்கு வந்தது. வலக்கையால் சிறு கேமராவை வரியின் மேல் நகர்த்த வேண்டும். இடக்கை விரல்நுனியின் கீழே 144 ஊசிகள் அதிரும். தாளில் உள்ள எழுத்தின் உருவம் அப்படியே விரலில் எழும். இந்தக் கருவியும் எழுத்தை அடையாளம் காணவில்லை, உருவத்தைக் கொண்டுவந்து சேர்த்தது. அதனால் எந்த மொழி எழுத்துக்கும் அது பொதுவானது. தமிழின் சுழியையும் கொம்பையும்கூட விரலில் எழுப்பக்கூடிய கருவி. 1996-ல் உற்பத்தி நின்றது.

எழுத்தைத் தானே கண்டு தானே பேசும் கருவி 1976 ஜனவரி 13-ல் அறிமுகமானது. ரே கர்ஸ்வைலின் வாசிப்பு இயந்திரம் அது. பல அச்சு வடிவங்களைப் புரிந்துகொள்ளும் எழுத்துணரி, தாளை வாங்கும் ஸ்கேனர், எழுத்தைப் பேச்சாக்கும் குரல் ஆகிய மூன்றும் அதில் ஒன்று சேர்ந்தன. இன்று நம் செல்போனில் நடப்பதும் இந்த மூன்று வேலைதான். அமெரிக்கப் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பின் உறுப்பினர்கள் முன்மாதிரிகளில் உட்கார்ந்து படித்துப் பார்த்துக் குறை சொல்ல, அதன்படி கருவி திருத்தப்பட்டது. வாங்கிய முதல் ஆட்களில் ஒருவர் பார்வையற்ற இசைக்கலைஞர் ஸ்டீவி வொண்டர்.

இவை எல்லாம் ஆங்கிலம் படித்த கதை. தமிழ் எழுத்தை இயந்திரம் முதலில் எங்கே படித்தது?

அந்தத் தேடலில் தாம்பரத்துக்கு வந்து சேர்ந்தேன். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி கோலங்களின் கணிதத்தை ஆராய்ந்து பெயர் பெற்றவர். அவர் ஆர். சந்திரசேகரன், எம். சந்திரசேகரன் இருவரோடு சேர்ந்து அச்சுத் தமிழ் எழுத்தைக் கணிப்பொறியால் அடையாளம் காண்பது பற்றி 1978-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஒவ்வோர் எழுத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, மை பட்ட கட்டம், படாத கட்டம் என்று குறித்து, அதை ஒரு குறியீட்டுச் சரமாக மாற்றினார்கள். அந்தச் சரங்களைக் கொண்டு ஓர் அகராதி. புதிதாக வரும் எழுத்தை அகராதியோடு ஒப்பிட்டு, பொருந்தினால் இன்ன எழுத்து என்று கணிப்பொறி சொல்லும். அதைத் தமிழில் அச்சிடாமல் ரோமன் எழுத்தில் அச்சிட்டார்கள். நெடிலைக் காட்ட எழுத்தின் மேலே எண். இந்த வழியிலேயே பிறகு பிராமி எழுத்தையும் கணிப்பொறிக்குக் கற்றுத்தர முயன்றார் சிரோமணி. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரனுக்கு அது கூடுதல் மகிழ்ச்சி.

அதே 1978-ல் அக்டோபர் மாதம் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையைப் பிறப்பித்தது. பெரியார் 1935 முதல் 'குடி அரசு' இதழில் கையாண்டுவந்த மாற்றங்களில் ஒரு பகுதி அரசு வழக்காயிற்று. ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை என்று 13 எழுத்துகளின் உருவம் மாறியது. கண்ணுள்ளவர்கள் மெல்லப் பழகிவிட்டார்கள். இயந்திரத்துக்கோ பழைய அச்சு ஒரு தமிழ், புதிய அச்சு இன்னொரு தமிழ் என்று ஆனது. ஆனால் யுனிகோடில் துதிக்கை போல் வளைந்த பழைய 'லை'க்கும் இன்றைய 'லை'க்கும் குறியீடு ஒன்றுதான். எழுத்தை அடையாளம் கண்டுவிட்டால் குரல் சரியாகவே உச்சரிக்கும். சிக்கல் முழுவதும் இயந்திரத்தின் பார்வையில்தான்.

அதற்குப் பின் வந்தவர்கள் பலர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ.ஜி. ராமகிருஷ்ணனும் மாணவர்களும் தமிழ் எழுத்துணரியையும் தமிழ்க் குரலையும் உருவாக்கினார்கள். அந்த எழுத்துணரியைக் கொண்டு வொர்த் டிரஸ்ட் பள்ளிப் புத்தகங்களைப் பிரெயிலாக மாற்றியது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஹேமா மூர்த்தியின் குழு இந்திய மொழிகளுக்கான குரல் திட்டத்தை முன்னின்று நடத்தியது. இன்னொரு பக்கம், ஹெச்.பி. நிறுவனம் 1985 முதல் 1994 வரை உருவாக்கிய டெசராக்ட் என்ற எழுத்துணரி 2005-ல் திறந்த மூலமாக வெளியானது. பிறகு கூகுளின் ஆதரவில் வளர்ந்து தமிழையும் கற்றுக்கொண்டது. இணையம் வழியாகக் கூகுள் தரும் எழுத்துணரியைப் பயன்படுத்தித் தமிழ் விக்கிமூலத் தன்னார்வலர்கள் நாட்டுடைமை நூல்களை ஏராளமாக எழுத்துக்கோப்பாக்கினார்கள்.

இதை எல்லாம் சித்தப்பாவிடம் சொன்னபோது, "எல்லாம் சரி, என் புஸ்தகத்தைப் படிக்குதான்னு பாப்போம்" என்றார்.

புதுக்கோட்டை கீழராஜவீதிப் பக்கம் நண்பர் ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அங்கே ஸ்கேனரும் கம்ப்யூட்டரும் உண்டு. செல்போனை நிறுத்த ஒரு ஸ்டாண்டும் கொண்டுபோனோம். சித்தப்பா தன் பையிலிருந்து எடுத்தவை: பென்ஷன் சம்பந்தமான கடிதம், அன்றைய செய்தித்தாள், மாத்திரை அட்டை, 1950-களில் அச்சான ஒரு சிறுவர் புத்தகம். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் ஊரான ராயவரம் எங்கள் மாவட்டம்தான். அந்தக் காலத்தில் குழந்தைகள் பத்திரிகைகள் புதுக்கோட்டையிலிருந்தே பல வந்தன. அந்த அச்சு இன்னும் பல வீடுகளில் இருக்கிறது.

கடிதத்தைக் கருவி நன்றாகப் படித்தது. செய்தித்தாளில் ஒரு பத்தியின் பாதியிலிருந்து பக்கத்துப் பத்திக்குத் தாவியது. மாத்திரை அட்டையின் பளபளப்பில் செல்போன் திணறியது. பழைய புத்தகத்தில்தான் உண்மையான பரீட்சை. மெல்லிய தாளில் மறுபக்கத்து எழுத்து ஊடுருவித் தெரிந்தது. பழைய 'லை' வந்த இடங்களில் எழுத்தே விழுந்துபோனது. துணைக்காலை 'ர' என்று எடுத்துக்கொண்டது.

"மரடு வந்தது" என்றது குரல்.

"மாடு" என்று உடனே திருத்தினார் சித்தப்பா.

புள்ளி மங்கிய இடத்தில் 'கல்' என்பது 'கல' ஆனது. தமிழ் அச்சில் வரி முடிவில் சொல் பாதியில் உடைந்தாலும் இணைப்புக்குறி போடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. அதனால் 'புத்த' என்று நிறுத்தி 'கம்' என்று தொடர்ந்தது. சொல் அடுத்த வரியில் எப்படி முடியும் என்று சித்தப்பா முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தார்.

அன்று அவர் சொன்ன ஒன்று எந்த விளம்பரத்திலும் இல்லாதது. "எழுத்து தப்புனா நானே சரி பண்ணிக்கிடுவேன்ப்பா. நாப்பது வருசம் நோட்டுத் திருத்துனவன். வரி மாறிப் போச்சுன்னாத்தான் என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

நூற்றுக்கு இத்தனை துல்லியம் என்று கருவிகள் பெருமை சொல்கின்றன. எந்தப் பிழையை வாசகர் தாங்குவார், எந்தப் பிழை அவரைப் பாதியில் நிறுத்திவிடும் என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. தேர்வுக்கு நாளைக் காலை போகும் கல்லூரி மாணவிக்கு ஓர் எண் மாறினாலும் நஷ்டம். கதை படிக்கிறவருக்கு வரிசை முக்கியம். மருந்து அட்டை பார்ப்பவருக்கு 50-ம் 500-ம் உயிர்ப் பிரச்சினை. அங்கே இயந்திரத்தை மட்டும் நம்பாமல் கண்ணுள்ள ஒருவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வதே பத்திரம்.

தேடலிலும் கடையில் உட்கார்ந்ததிலும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். புத்தகம் புத்தகமாகப் படிக்கிறவருக்கு ஸ்கேனர் நல்லது. தாள் சமமாகப் படியும், வெளிச்சம் பற்றிக் கவலையில்லை, 300 டி.பி.ஐ. வைத்தால் போதும். தினப்படிக் கடிதம், ரசீதுக்குச் செல்போனும் ஸ்டாண்டும் போதும். தாளின் ஓரம் கேமராவுக்குள் வந்ததா என்று வாயால் சொல்லும் செயலியாக இருக்க வேண்டும். இணையம் இல்லாமல் வேலை செய்யுமா என்று கட்டாயம் கேளுங்கள். கிராமத்தில் சிக்னல் கிடைக்காத வீடு உண்டு. பேங்க் கடிதத்தை இணையத்துக்கு அனுப்ப மனமில்லாதவரும் உண்டு. குரலைப் பல வேகத்தில் கேட்டுப் பாருங்கள். புதிதாகப் பார்வை இழந்தவர் மனிதக் குரல் போல இருந்தால்தான் கேட்பார். பழகியவர்கள் ஈஸ்பீக் போன்ற வறண்ட குரலையும் படுவேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறார்கள்.

கம்ப்யூட்டர் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்குப் பெரும் பணம் தேவையில்லை. என்விடிஏ இலவசம். 2006-ல் அதைத் தொடங்கிய ஆஸ்திரேலியரான மைக்கேல் கர்ரனும் அவரோடு சேர்ந்த ஜேம்ஸ் டெவும் பார்வையற்றவர்கள்.

ஸ்கேன் செய்வதற்கு முன் அந்தப் புத்தகம் ஏற்கெனவே எழுத்துக்கோப்பாக இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்கள் ஏராளம். 2016-ல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா பார்வையற்றோருக்கான இணைய நூலகம். சட்டமும் துணை நிற்கிறது. 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, லாப நோக்கமின்றி, மாற்றுத்திறனாளி படிக்க ஏற்ற வடிவில் நூலை மாற்றிக்கொள்ளலாம். இதற்கான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-ல் உலகிலேயே முதலில் ஏற்று உறுதி செய்த நாடு இந்தியா.

இன்னொரு தொல்லையையும் சொல்ல வேண்டும். ஓர் அலுவலகம் சித்தப்பாவுக்கு மின்னஞ்சலில் அனுப்பிய பி.டி.எஃப். கோப்பு திரையில் அழகான தமிழ். திறந்து கேட்டால் குரல் ஆங்கில எழுத்துகளைத் தாறுமாறாக உளறுகிறது. காரணம், பழைய எழுத்துருவில் அடித்தது. அதைப் படமாக மாற்றி எழுத்துணரியில் போட்டபின்தான் படிக்க முடிந்தது. யுனிகோடில் அடித்திருந்தால் இந்த வேலையே இல்லை. தமிழக அரசு 2010-லேயே யுனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது.

யாருக்காகச் செய்தார்கள் என்ற சித்தப்பாவின் கேள்விக்கு என் தேடல் தந்த விடை இது: மேரி ஜேம்சன், கேண்டி, கூட்டமைப்பின் உறுப்பினர்கள் என்று படிக்கப் போகிறவர் கூடவே உட்கார்ந்திருந்த இடத்தில்தான் கருவி தேறியது. தமிழில் எழுத்தைக் கண்டறியும் வேலையைப் பல ஆய்வாளர்கள் அருமையாகச் செய்திருக்கிறார்கள். அவர்கள் மேஜையருகே பார்வையற்ற தமிழ் வாசகருக்கு இன்னும் நாற்காலி போட வேண்டும்.

1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தை எல்லாரிடமும் கொண்டுபோன மாவட்டம் எங்கள் புதுக்கோட்டை. பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்ற மாவட்டம். திருக்கோகர்ணம் ஞானாலயாவில் கிருஷ்ணமூர்த்தி–டோரதி தம்பதி சேர்த்து வைத்த லட்சம் நூல்கள் இருக்கும் மாவட்டம். இங்கே ஒவ்வொரு கிளை நூலகத்திலும் ஒரு ஸ்கேனர், ஒரு கம்ப்யூட்டர், தமிழ்க் குரல், பழக்கிவிட ஓர் ஆள் என்பது பெரிய ஆசை அல்ல. நன்கொடை தர நினைப்பவர்கள் விலைப்பட்டியல் பார்ப்பதற்கு முன், அதில் படிக்கப் போகிறவரை அழைத்து வாருங்கள். அவருடைய புத்தகத்தையே அவரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அவர் கேட்டு, சரி என்று சொன்ன கருவியை மட்டும் வாங்குங்கள்.