செராம்பூர் செல்லும் ரயிலில்

கர்த்தருடைய கிருபையால் செராம்பூரைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது. ஹவுராவிலிருந்து மின்சார ரயிலில் சுமார் 20 கிலோமீட்டர். வில்லியம் கேரி 1800 முதல் 1834இல் நித்திரையடையும்வரை ஊழியம் செய்த ஊர். அந்நாளில் அது டேனியர் வசமிருந்தது.

எதிரே அமர்ந்திருந்த முதிய வங்காளி, தமக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்றார். நான் செல்லுமிடத்தை அறிந்ததும், "கேரியின் ஜெபத்தைக் கேட்ட தேவன், அவர் மனைவிக்குப் புத்தி பேதலிக்க ஏன் விட்டார்?" என்று ஆங்கிலத்தில் வினவினார்.

'தேவசித்தம்' என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆயினும் அவர் கண்களில் பரிகாசம் இல்லை. நம் பிரசங்கங்களில் டாரத்தி கேரியின் பெயர் ஒலிப்பதோ அபூர்வம். 1794இல் ஐந்து வயது மகன் பீட்டரைப் பறிகொடுத்தபின் அவர் மனம் சிதைந்தது. 1807இல் மரிக்கும்வரை தேறவில்லை. 1800 டிசம்பர் 28 அன்று கிருஷ்ண பால் ஹூக்ளி நதியில் ஞானஸ்நானம் பெற்ற ஆனந்த வேளையிலும் அவர் அறைக்குள் அடைபட்டிருந்தார்.

"விடை என்னிடம் இல்லை ஐயா. எங்கள் வேதத்திலேயே, இருளில் கூப்பிட்டு, விடையின்றி முடியும் சங்கீதம் ஒன்றுண்டு" என்றேன்.

"எத்தனையாவது?"

"88."

செய்தித்தாளின் ஓரத்தில் வங்காள இலக்கத்தில் அதைக் குறித்துக்கொண்டார்.