அன்ரிமார்க்கபிள்

அம்மாவின் ஸ்கேன் அறிக்கையைப் பெருவிரைவு ரயிலிலேயே பிரித்துவிட்டேன். கல்லீரல்: அன்ரிமார்க்கபிள். கணையம்: அன்ரிமார்க்கபிள். அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலத்தில் பேசி எழுதுபவள் நான். ‘சுமார், சொல்லிக்கொள்ளும்படி இல்லை’ என்ற பொருளில்தான் அந்தச் சொல் எனக்குப் பழக்கம். அம்மாவின் கல்லீரல் சுமாரா? யீஷூன் வரும்வரை வயிற்றைக் கலக்கியது. வீட்டில் வாய் திறக்கவில்லை.

மறுநாள் பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் சிரித்தார். குறிப்பிட்டுச் சொல்லும்படி கோளாறு எதுவும் தென்படவில்லை என்பதைத்தான் ஸ்கேன் அறிக்கைகளில் அப்படி எழுதுவார்களாம். வெளியே குறை சொல்லும் சொல், அங்கே நல்ல செய்தி!

விஷயத்தைச் சொன்னதும் அம்மா அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். இப்போது என் சாம்பாருக்கும் அதையே சொல்கிறார். எந்த அர்த்தத்தில் என்று நான் கேட்பதில்லை.