கூலியும் கொடையும்

சிவகாசிச் சீமையில் எதற்கும் எண்ணிக்கை உண்டு. தீப்பெட்டி ஒட்டினால் குரோஸுக்கு இவ்வளவு, வெடிக்குத் திரி செருகினால் இத்தனைக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி கொடுப்பது அங்கே வழக்கம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் பயின்று வந்து, 1923-ல் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கிய நாள் முதல், கைக்கேற்ற காசு என்பதே அவ்வூரின் தர்மமாக இருந்து வருகிறது. அந்தக் கணக்கிலேயே வளர்ந்தவன் நான். ஆகவே, நீதி என்பது மனிதன் சம்பாதிப்பதன்று, விசுவாசத்தினால் பெற்றுக்கொள்வது என்னும் கிறிஸ்தவ உபதேசம் எனக்குப் பெரும் புதிராகவே இருந்தது. உழைக்காமல் வந்த பொருள் எப்படி நமதாகும்?

இந்த ஐயத்தைத் தெளிவித்தது பிரசங்கமன்று. ஒரு மனிதரின் சரித்திரம். தாமஸ் ராக்லண்ட் என்னும் பாதிரியார், 1841-ல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கணிதப் பரீட்சையில் நான்காவதாகத் தேறியவர். அத்தகைய மேதை, 1854 முதல் நம் கரிசல் பூமியில் கூடாரமடித்துத் தங்கி, கிராமம் கிராமமாகச் சென்று தம் வேதத்தைப் போதித்தார். 1858-ல் சிவகாசியிலேயே காலமானார். அவர் கண்ணாரக் கண்ட பலனோ சொற்பம். கூலிக் கணக்குப்படி அது முழு நஷ்டம்! ஆயினும் அந்தக் கணித நிபுணர் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஊர் திரும்பவில்லை. தம் மதிப்பைப் பலனைக் கொண்டு அளப்பவரால் இப்படி இருத்தல் இயலுமோ? முன்பே பெற்றுக்கொண்டவர்தான், பெறுவதற்காக அன்றி, நன்றியினால் உழைக்க முடியும்.

அதே 1858-ல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. பின்னர் ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடிய இப்புலவர், வைஷ்ணவ குடும்பத்தில் பிறந்தவர். அருள் என்னும் சொல் அவருக்குப் புதிதாயிருந்திராது. தாய்க் குரங்கைக் குட்டி பற்றிக்கொள்வதா, தாய்ப் பூனையே குட்டியைக் கவ்விச் செல்வதா என்று நம் வைஷ்ணவப் பெரியோர் நெடுங்காலம் வாதித்தது இதே விஷயத்தைத்தானே?

ஆனால், கொடை என்று சொல்லப்படுவதெல்லாம் மெய்க் கொடையாகுமா? மெய்யையும் போலியையும் பகுத்தறிய இரண்டு உரைகற்களை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று, அவ்வுபதேசம் என் அகந்தையை வளர்க்கிறதா, கரைக்கிறதா என்பது. பிச்சையாகப் பெற்றதைக் காட்டிப் பெருமை பேச யாரால் முடியும்? மற்றொன்று, அது என் அண்டை வீட்டாருக்கு என்ன செய்கிறது என்பது.

தமிழ் வேதாகமத்தில் வரும் ‘நீதி’ என்ற சொல்லே இதற்குச் சாட்சி. கடவுள் முன் நிற்கும் தகுதிக்கும் அதுதான் சொல். அயலானுக்குச் செய்ய வேண்டிய நியாயத்துக்கும் அதுதான் சொல். 2012-ஆம் வருஷம் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய ஊரில், ‘என்னைத் தேவன் நீதிமானாக்கினார்’ என்று ஞாயிற்றுக்கிழமை பாடிவிட்டு, திங்கட்கிழமை கூலியைக் குறைத்து, பாதுகாப்பையும் மறக்கும் முதலாளி எதைப் பெற்றார்? கையில் வாங்கியது கொடையானால், அது கை வழியே பிறருக்கும் சென்றே தீரும்.

கொடையாகப் பெற்ற நீதி, பிறருக்குரிய கூலியைத் தட்டிப் பறிக்காது. இதுவே நான் கண்ட தெளிவு.