ஒன்பது வீதம் சார்ஜ்

2022 மார்ச் கடைசி. நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாத காலம். மருதமுனையில் எங்கட வீட்டுக்குள்ள மெழுகுதிரி வெளிச்சத்தில ஏ.எல். பாடம் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் ஒன்பது வீதம்தான் சார்ஜ். ராவைக்கு ஓப் பண்ணி வெச்சா காலையில பாவிக்கலாம் என்று பட்டனை அழுத்தப் போனேன்.

"ஓப் பண்ணாத புள்ள. நெட்ட நிப்பாட்டு, வெளிச்சத்தக் கொற. போன் கெடக்கட்டும்" என்றா உம்மா.

"நடுச்சாமத்துல ஆரு உம்மா எடுக்கப் போறாங்க?"

"எடுக்காட்டி நல்லதுதான்."

அதுக்கு மேல நான் ஒன்றும் கேட்கவில்லை. 2004 டிசம்பர் 26, சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் கடல் எங்கட ஊருக்குள்ள வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மௌத்தானார்கள். அதில் என் சாச்சியும் ஒருத்தி. எனக்கு அப்போ ஒரு வயசு. இரண்டு மணித்தியாலத்தில் கைக்குழந்தையோடு நடந்தே வயல் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் வந்து சொல்ல ஆளில்லை. அமெரிக்கா பசுபிக்கில் ஆறு ஆழ்கடல் சுனாமிக் கருவிகள் வைத்திருந்த காலம் அது. இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கைக் கட்டமைப்பே இருக்கவில்லை.

கலைப்பீடத்தில் படிக்கிற எனக்கும் பெற்றறிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீங்க. அனர்த்தம் பற்றிய ஒரு ஒப்படைக்காகத் தேடியபோதுதான் அந்தக் கருவி எப்படி வேலை செய்யுது என்று வாசித்தேன். பேர் டார்ட். ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்தில், கடலடியில் இருந்து தனக்கு மேலுள்ள தண்ணீரின் அழுத்தத்தை அளக்கிறது. அளந்ததை ஒலியாக மேலே உள்ள மிதவைக்கு அனுப்பும், மிதவை செய்மதிக்கு அனுப்பும். அந்த ஆழத்தில் வெயிலும் இல்லை, வயரும் இல்லை. பெற்றறி மாத்தணும் என்றால் கப்பல் போகணும். அதனால் ஒரே பெற்றறியில் வருடக்கணக்காகத் தாக்குப்பிடிக்க வேண்டும்.

அதற்கு அது செய்கிற வேலைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அளப்பதற்குச் செலவாகும் சக்தி கொஞ்சம். அனுப்புவதற்குத்தான் நிறையப் போகுது. ஆகவே 15 செக்கனுக்கு ஒருதரம் அளக்கிறதை அது நிறுத்துவதே இல்லை. பேசுறதைத்தான் குறைக்கிறது. சாதாரண நாளில் கால் மணித்தியாலத்துக்கு ஒன்று என்று சேர்த்து வைத்து, மணிக்கணக்கில் இடைவெளி விட்டுத்தான் அனுப்பும். கடந்த மூன்று மணித்தியாலத்தை வைத்து இப்போ கடல் எப்படி இருக்கணும் என்று தானே கணக்குப் போடும். கணக்குக்கும் கடலுக்கும் சில சென்ரிமீற்றர் வித்தியாசம் வந்தால் உடனே முழித்து, நிமிசத்துக்கு நிமிசம் தகவல் அனுப்பத் தொடங்கும். வேறொன்றும் நடக்காவிட்டால் நாலு மணித்தியாலத்துக்குப் பிறகு பழையபடி அமைதியாகிவிடும்.

வாசிக்க வாசிக்க எனக்கு உம்மாதான் நினைவுக்கு வந்தா. சாச்சியைப் பற்றி வருசத்தில் ஒருநாள்தான் வாய் திறப்பா. ஆனால் இரவில் அலைச் சத்தம் கொஞ்சம் மாறினால் எங்க எல்லாருக்கும் முதல் எழும்பி நிற்பது அவதான்.

2012 ஏப்ரல் 11 எனக்கு நல்லா ஞாபகம். பகல் இரண்டு மணிக்குப் பிறகு சுமாத்திராப் பக்கம் மறுபடி பெரிய நிலநடுக்கம். இந்த முறை எச்சரிக்கை வந்தது. ஊரே வயல் பக்கம் ஓடியது. உம்மா என் கையை இறுக்கிப் பிடித்த இடம் சிவந்து போயிருந்தது. ஆனால் நிலத்தட்டு பக்கவாட்டில் நகர்ந்ததால் தண்ணீர் பெரிதாக உயரவில்லை. ஆழ்கடல் கருவிகளில் பதிந்தது சில சென்ரிமீற்றர்தான். திரும்பி வரும்போது பக்கத்து வீட்டு மாமி "வீணா ஓடினோமே" என்றா. "ஓடிட்டுத் திரும்பி வந்தா அது நட்டமா?" என்று உம்மா கேட்டா.

கருவியும் அப்படித்தான். நிலநடுக்கத்தின் அதிர்வுக்கே சிலநேரம் முழித்துவிடும், அலை எதுவும் வராமலே பெற்றறி செலவாகும். அதை வீண் என்று சொல்ல முடியாது. மற்ற நாளெல்லாம் சேமித்தது இதற்குத்தானே.

நாங்கள் சேமிப்பு என்றால் எல்லாத்தையும் அணைத்து வைப்பது என்று நினைக்கிறோம். எதை அணைக்கக் கூடாது என்று தெரிந்த பிறகுதான் மற்றதை அணைக்கலாம்.

இப்போ ஒலுவிலில் ஹொஸ்டலில் இருக்கிறேன். இங்கேயும் கடல் கிட்டத்தான். படுக்கப் போகும்போது நெட்டை நிப்பாட்டுவேன், வெளிச்சத்தைக் குறைப்பேன். போன் கிடக்கும்.